தூளிலும் குளிசையிலும் என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் சோதனை எது

யாழ்ப்பாணத்தில் இன்று கைமாறும் போதைப்பொருள் ஒரு வகையோடு நிற்பதில்லை. பழுப்புத் தூளாக ஹெரோயின், பளிங்குத் துண்டாக ஐஸ், கடல்வழியே வரும் கேரள கஞ்சா, பாக்கும் புகையிலையும் சேர்த்த மாவா, இவற்றோடு பிரிகாபலின், ட்ரமடோல் போன்ற மருந்துக் குளிசைகள். விற்பவன் சொல்லும் பெயர்தான் பொட்டலத்துக்குள்ளும் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பாவிக்கும் பிள்ளைக்கு அது தெரியாது. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் வைத்தியருக்கும் தெரியாது.

அந்தப் பொருளை அடையாளம் காணும் ஏற்பாடு ஒன்றை வடக்கில் தொடங்க நினைக்கும் வைத்தியசாலை ஆய்வுகூடங்கள், பல்கலைக்கழக இரசாயனவியல் துறை, புனர்வாழ்வுச் சேவைகள் ஆகியோருக்காகவே இந்த ஒப்பீடு. கையில் உள்ள தெரிவுகள் ஆறு: நிறச் சோதனைத் திரவங்கள், பரிசோதனைப் பட்டிகள், மென்படைத் தகடு, எப்.ரி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்புக் கருவி, லேசரால் பார்க்கும் ராமன் கருவி, ஜி.சி.எம்.எஸ்., எல்.சி.எம்.எஸ். போன்ற திணிவு நிறமாலைக் கருவிகள். எங்கள் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் இருந்தால் எப்.ரி.ஐ.ஆர். ஒன்றும் பட்டிகளும், சந்தேகமான மாதிரிகளை உறுதிப்படுத்தக் கொழும்பு ஆய்வுகூடமொன்றோடு ஓர் ஏற்பாடு. பணம் இல்லையென்றால் மென்படைத் தகடு. நிறத் திரவப் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சோதனை செய்கிறோம் என்று தொடங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. காரணங்கள் கீழே.

சட்டம் எங்கே நிற்கிறது

கருவியைப் பற்றிக் கதைக்க முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பாதித் தெரிவை அதுவே தீர்த்துவிடுகிறது. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் உடைமையில் வைத்திருப்பதே குற்றம். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின், ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் மெத்தம்பெற்றமின், அதாவது ஐஸ், 5 கிராமுக்கும் அதே நிலையைக் கொண்டுவந்தது. சோதிக்கத்தான் வாங்கினேன் என்பது தானாகவே ஒரு பாதுகாப்பாகிவிடாது. நியூசிலாந்து 2021 இல் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றி, உரிமம் பெற்ற சோதனையாளர் மாதிரியைக் கையில் எடுப்பதைச் சட்டபூர்வமாக்கியது. இங்கே அப்படியொரு சட்டம் இல்லை.

ஆகவே ஒரு சமூக அமைப்போ ஆலோசனை நிலையமோ தன் மேசையில் மாதிரி வாங்கக் கூடாது. அந்த வேலை, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் எழுத்துமூல அனுமதியோடு, வைத்தியசாலை அல்லது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் கூரைக்குக் கீழேதான் நடக்க வேண்டும். வழக்குக்குப் போகும் மாதிரி வேறு பாதை: பொலிஸ், நீதவான் நீதிமன்றம், அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். அந்தப் பாதையில் முத்திரை உடையக் கூடாது. சுகாதாரச் சோதனை அதற்குள் மூக்கை நுழைக்கவும் கூடாது.

வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குத் தபாலில் அனுப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வேல்ஸில் 2013 இல் தொடங்கிய வெடினோஸ் சேவை தபாலில் வரும் மாதிரிகளைச் சோதிக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வுகூடம், மாதிரியைக் கரைப்பானில் போட்டு இனிப் பாவிக்க முடியாததாக்கி அனுப்பும் சிறு குப்பிகளைத் தருகிறது. நல்ல முறைகள்தான். ஆனால் அவை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குள் இயங்குகின்றன. இங்கிருந்து அனுப்புபவர் போதைப்பொருள் ஏற்றுமதி செய்தவராகிவிடுவார். இந்தத் தெரிவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

குளிசை என்றால் முதலில் கண்ணால் வாசியுங்கள்

எந்தக் கருவிக்கும் முன்னால் வரும் படி இது. நெதர்லாந்தில் 1992 முதல் இயங்கும் டிம்ஸ் திட்டத்தில், கொண்டுவரப்படும் குளிசையின் நிறம், வடிவம், விட்டம், தடிப்பு, நிறை, முத்திரை ஆகியவற்றை அளந்து, ஏற்கெனவே ஆய்வுகூடத்தில் சோதித்த தொகுதிகளோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தினால் பதில் அங்கேயே கிடைக்கும். பொருந்தாவிட்டால்தான் ஆய்வுகூடத்துக்குப் போகும்.

யாழ்ப்பாணத்துக்கு இது மிகவும் பொருந்தும். இங்கே பிடிபடும் குளிசைகளில் பல, தொழிற்சாலையில் செய்து பிளிஸ்ரர் அட்டையில் அடைத்த மருந்துகள். அட்டை முழுதாக இருந்தால் பெயர், மில்லிகிராம், தொகுதி எண், காலாவதித் திகதி எல்லாம் கண்முன்னே இருக்கும். உதிரிக் குளிசையென்றால் 0.001 கிராம் வரை காட்டும் தராசில் நிறையுங்கள். ஒழுங்காகச் செய்யப்பட்ட குளிசைகளின் நிறை ஒன்றுக்கொன்று அதிகம் விலகாது. 250 மி.கி.க்கு மேற்பட்டவை சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள்ளும், 80 முதல் 250 மி.கி. வரையானவை 7.5 சதவீதத்துக்குள்ளும் நிற்க வேண்டும் என்பது மருந்தியல் நியமம். அதற்கு மேல் ஆடினால், அல்லது விளிம்பு உதிர்ந்து நிறம் திட்டுத்திட்டாக இருந்தால், கள்ள அச்சில் அடித்ததாக இருக்கலாம். முத்திரையைப் போலியாக அடிப்பது கடினமான வேலையில்லை. எனவே உதிரிக் குளிசையில் கண்ணால் கண்டது தொடக்கம் மட்டுமே. சோதனை இன்னும் பாக்கி.

நிறச் சோதனைத் திரவங்கள்

விலை மலிவு, மின்சாரம் தேவையில்லை, ஒரு நிமிடத்தில் முடியும். அதனால்தான் எல்லோரும் முதலில் இங்கே போகிறார்கள். மிகப் பழையதும் பரவலானதும் மார்கிஸ் திரவம். 1896 இல் எடுவார்ட் மார்கிஸ் விவரித்தது. அடர் சல்பூரிக் அமிலத்தில் சிறிதளவு போர்மல்டிகைட்டு, அவ்வளவுதான்.

செய்முறை எளிது. வெள்ளைப் பீங்கான் குழித்தட்டில் மூன்று குழிகளை எடுங்கள். முதலாவதில் ஒன்றும் வைக்க வேண்டாம். இரண்டாவதில் ஊசித்தலையளவு மாதிரி, 1 அல்லது 2 மி.கி. போதும். மூன்றாவதில் அதேயளவு சீனி. மூன்றிலும் ஒவ்வொரு துளி விடுங்கள். முதல் 60 விநாடிக்குள் தோன்றும் நிறமே கணக்கு. அதற்குப் பிறகு அமிலம் எதையும் கருக்கத் தொடங்கிவிடும். ஹெரோயின் ஊதாவாகும். மெத்தம்பெற்றமின் செம்மஞ்சளாகிப் பின் கபிலத்துக்குப் போகும். எக்ஸ்ரசி எனப்படும் எம்.டி.எம்.ஏ. கருநீலம், கறுப்பு. சீனிக் குழி கபிலமாவதைப் பார்த்தால் இந்தச் சோதனை எங்கே வழுக்குகிறது என்பது உடனே விளங்கும். அஸ்பிரினும் சும்மா இருக்காது, சிவக்கும்.

பெரிய சிக்கல் கலவையில்தான். கடும் ஊதா நிறம் வந்துவிட்டால் அதற்குள் மறைந்திருக்கும் எதுவும் தெரியாது. பென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை அபின்வகை மருந்து மார்கிஸில் செம்மஞ்சள் காட்டும். அதை ஹெரோயினோடு சேர்த்தால் ஊதா விழுங்கிவிடும். ஐஸோடு சேர்த்தால் இரண்டும் ஒரே நிறம். ஐஸில் கனம் சேர்க்கக் கலக்கும் டைமெதில் சல்போன் நிறமே தராது. இங்கே மிகவும் பேசப்படும் பிரிகாபலினும் நிறம் தராது. ஆக, நம் ஊரின் முக்கியக் கேள்வியொன்றுக்கு இந்தப் பெட்டியில் பதிலே கிடையாது.

மெக்கே, சைமன் போன்ற மற்றத் திரவங்களைச் சேர்த்தால் வட்டம் சுருங்கும். சைமன் திரவம் மெத்தம்பெற்றமினுக்கு நீலம் காட்டும், அம்பெற்றமினுக்குக் காட்டாது. ஹெரோயினுக்கு மெக்கே பச்சை கலந்த நீலம். இருந்தாலும் இவை எல்லாம் சேர்ந்து சொல்லக்கூடியது ஒன்றுதான்: விற்றவன் சொன்ன பெயரோடு நிறம் முரண்படுகிறதா, இல்லையா. முரண்பட்டால் அது பயனுள்ள எச்சரிக்கை. முரண்படாவிட்டால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

எங்கள் வெப்பமும் இதற்கு எதிரி. திரவத்தைக் கண்ணாடிப் போத்தலில், அமிலம் தாங்கும் மூடியோடு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பாடு வைக்கும் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். வெளியில் விட்டால் நாளடைவில் தானாகவே கபிலமாகும். ஒவ்வொரு நாளும் வெற்றுக் குழியில் ஒரு துளி விட்டுப் பார்த்து, நிறம் இருந்தால் போத்தலை ஒதுக்குங்கள். தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

பரிசோதனைப் பட்டிகள்

கர்ப்பப் பரிசோதனைப் பட்டியைப் போன்ற அமைப்பு, ஆனால் வாசிக்கும் விதம் தலைகீழ். ஒரு கோடு என்றால் பொருள் உண்டு. இரண்டு கோடு என்றால் காணவில்லை. இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். தவறாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

பென்டனில் பட்டி வட அமெரிக்காவின் துயரத்துக்காகப் பரவியது. யாழ்ப்பாணத்தில் அதை ஏன் வாங்க வேண்டும்? ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரிலில் தலிபான் கசகசாச் செய்கையைத் தடைசெய்தது. 2023 இல் அங்கே அபின் செய்கை 95 சதவீதம் வீழ்ந்ததாக ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் அறிவித்தது. இந்து சமுத்திரத்தால் இலங்கைக்கு வரும் ஹெரோயினின் ஊற்று அந்தத் திசைதான். ஊற்று வற்றினால் வெளியே விற்கும் தூளுக்குள் வேறு ஏதாவது ஏறும். 2023 நவம்பரில் டப்ளினில் ஹெரோயின் என்று விற்ற தூளில் நைட்டசீன் என்ற வீரியமான செயற்கை அபின்வகை மருந்து இருந்தது. ஆட்கள் கூட்டமாக மயங்கி விழுந்த பிறகே அது தெரியவந்தது. அப்படியொரு நாள் இங்கே வரும்போது முதலில் தெரிய வேண்டியது எங்களுக்கு. அதற்காகத்தான் பட்டி.

செய்முறையில் நீரின் அளவுதான் உயிர்நாடி. 10 மி.கி. தூளை நிறுத்து, 10 மி.லீ.க்குக் குறையாத சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். ஐஸ் என்று சந்தேகித்தால் இன்னும் கொஞ்சம் கூட, 20 மி.லீ. நல்லது. மில்லிலீற்றருக்கு 1 மி.கி.க்கு மேல் மெத்தம்பெற்றமினோ எம்.டி.எம்.ஏ.யோ இருந்தால் பென்டனில் பட்டி பொய்யாக ஒரு கோடு காட்டும். பட்டியின் அலை போன்ற முனையை 15 விநாடி நனைத்து, எல்லைக் கோட்டுக்கு மேல் நீர் ஏறாமல் எடுத்து, சமதளத்தில் வைத்து, 5 நிமிடத்துக்குள் வாசியுங்கள். இவ்வளவு நீர் விட்டால் சிறு அளவு தப்பிவிடாதா என்ற பயம் வரும். கணக்குப் பாருங்கள்: தூளில் 1 சதவீதம் பென்டனில் இருந்தால் 10 மி.கி.யில் 0.1 மி.கி.; 10 மி.லீ.யில் கரைத்தால் மில்லிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். பட்டி ஏறக்குறைய 0.2 மைக்கிரோகிராமிலேயே காட்டிவிடும். இடைவெளி ஐம்பது மடங்கு.

நைட்டசீன் பட்டிக்கு இந்தத் தாராளம் கிடையாது. அதற்கு மில்லிலீற்றருக்குச் சில மைக்கிரோகிராம் தேவை. அந்தக் குடும்பத்தில் நைட்ரோக் கூட்டம் இல்லாதவற்றை அது காணாது. கஃபீன் கூடுதலாக இருந்தால் பொய்யான நேர் விடையும் தரும். தென்னாசிய ஹெரோயினில் வழக்கமாகக் கலப்பது பரசிற்றமோலும் கஃபீனும்தான் என்பதால், எங்களுக்கு இந்தப் பொய் விடை வெறும் ஏட்டுச் சிக்கலாக இருக்கப்போவதில்லை. ஒரு கோடு வந்தால் நீரை இரட்டிப்பாக்கி மீண்டும் பாருங்கள், பிறகு உறுதிப்படுத்த அனுப்புங்கள்.

பட்டிக்கும் மற்ற எல்லாக் கருவிக்கும் பொதுவான ஓர் ஓட்டை உண்டு: மாதிரி எடுக்கும் விதம். ரொட்டி மாவில் சரியாகக் குழையாத உப்பைப்போல வீரியமான மருந்து தூளின் ஒரு மூலையில் திரண்டு நிற்கும். நீங்கள் கிள்ளிய மூலையில் இல்லையென்றால் விடை சுத்தம். தூளை உரலில் மெல்ல அரைத்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால் பங்குகளைச் சேர்த்து, மீண்டும் அதேபோலச் செய்யுங்கள். குளிசையென்றால் முழுதாகப் பொடியாக்குங்கள். விளிம்பைச் சுரண்டிப் பார்ப்பதில் பயனில்லை.

மென்படைத் தகடு

பல்கலைக்கழக இரசாயனவியல் மாணவர் எவருக்கும் பழக்கமானது. சிலிக்காத் தகட்டின் அடியிலிருந்து 1 சென்ரிமீற்றர் மேலே நுண்குழாயால் மாதிரிக் கரைசலைப் பொட்டாக வைத்து, பக்கத்தில் தெரிந்த பொருளின் கரைசலையும் வைத்து, கரைப்பானில் ஏறவிடுவது. மெதனோல் 100 பங்குக்குச் செறிந்த அமோனியா 1.5 பங்கு என்பது போதைமருந்துகளுக்குப் பழகிய கலவை. தொட்டியை மூடி, வடிதாள் உள்ளே சாய்த்து, 20 நிமிடம் ஆவி நிரம்ப விடுங்கள். அதை விட்டுவிட்டால் கரைப்பான் முகம் வளைந்து ஏறும், பொட்டுகள் ஒப்பிடத் தகாது. பிறகு 254 நனோமீற்றர் ஊதாக்கடந்த விளக்கின் கீழ் பார்த்து, அயடோபிளற்றினேற்று என்ற நிறங்காட்டும் கரைசலைத் தெளிக்க வேண்டும்.

ஹெரோயினும் கஃபீனும் இந்தக் கலவையில் அருகருகே நிற்கும். அதனால் இரண்டின் தெரிந்த பொட்டுகளும் அதே தகட்டில் இல்லாவிட்டால் எதையும் சொல்லாதீர்கள். மெதனோலில் ஹெரோயினை நாட்கணக்கில் வைத்தால் அது அசெற்றைல் கூட்டத்தை இழந்து வேறொன்றாகும். கரைசல் அன்றன்று செய்ததாக இருக்க வேண்டும்.

இந்த முறையை நாங்கள் மதிப்பதற்குக் காரணம் பிரிகாபலின். அதன் மூலக்கூறு ஊதாக்கடந்த கதிரை உறிஞ்சாது. விளக்கின் கீழ் தகடு வெறுமையாகத் தெரியும். ஊதாக்கடந்த கதிர் உணரியோடு ஓடும் எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்புக் கருவியும் நேரடியாக அதைக் காணாது. ஆனால் அது அமினோ அமிலக் குடும்பம். பியூற்றனோல், அசெற்றிக் அமிலம், நீர் 4:1:1 என்ற பழைய அமினோ அமிலக் கலவையில் ஏற்றி, நின்ஹைட்ரின் தெளித்து, 105 பாகையில் சில நிமிடம் சூடாக்கினால் ஊதாப் பொட்டு எழும்பும். கப்சியூலுக்குள் இருக்கும் லக்ரோசும் சோள மாவும் அந்த ஊதாப் பொட்டைத் தராது. கொஞ்சக் காசில் எங்கள் ஊரின் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் தரும் முறை வேறில்லை. கையுறை இல்லாமல் தகட்டைத் தொட்டால் விரல் வியர்வையும் ஊதாவாகும், கவனம்.

எப்.ரி.ஐ.ஆர்.

கனடாவின் வன்கூவர் நகரில் 2017 இல் சோதனை நிலையங்கள் தொடங்கியபோது தெரிந்தெடுத்த இணை இதுதான்: எப்.ரி.ஐ.ஆர். கருவியும் பென்டனில் பட்டியும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. கருவி பல பொருள்களைக் காணும், ஆனால் நிறையில் சுமார் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைக் காணாது. பட்டி ஒரு குடும்பத்தை மட்டும் காணும், ஆனால் மிகச் சிறிய அளவிலும் காணும்.

மேசையில் வைக்கும் சிறு கருவி. வைரத்தாலான ஒரு புள்ளிமேல் சில மில்லிகிராம் தூளை வைத்து அழுத்தி, அகச்சிவப்புக் கதிர் எங்கே உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பது. மாதிரி அழியாது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய துணியால் வைரத்தைத் துடைத்து உலரவிட்டு, வெறும் வைரத்தின் பின்னணியை ஒருமுறை பதியுங்கள். பிறகு மாதிரி, 4 அலையெண் பிரிதிறனில் 32 ஓட்டம், ஒரு நிமிடத்துக்குள் முடியும். அதற்குப் பின்னால் வரும் 10, 15 நிமிட வாசிப்புத்தான் உண்மையான வேலை.

பழுப்புத் தூளொன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நூலகத்தில் தேடி, பரசிற்றமோல், பொருத்தம் 0.95 என்று சொல்லும். பழகாதவர் அதோடு பனடோல் தூள் என்று எழுதி முடித்துவிடுவார். பழகியவர் அலையெண் 1730 முதல் 1765 வரையான பகுதியைப் பெருப்பித்துப் பார்ப்பார். பரசிற்றமோலுக்கு அங்கே எந்த மேடும் இல்லை. ஹெரோயினின் எசுத்தர்க் கூட்டங்கள் மேடு போடும் இடம் அது. அங்கே சிறு தோள் தெரிந்தால் பரசிற்றமோல் நிறமாலையைக் கழித்து, மிச்சத்தை மீண்டும் தேட வேண்டும். அடுத்ததாக 1700 அருகே கூர்மையாக நிற்பது கஃபீனாக இருக்கலாம். அதையும் கழிக்க வேண்டும். கழிக்கக் கழிக்க இரைச்சல் கூடும். மூன்றாவது அல்லது நான்காவது பொருளுக்கு மேல் மென்பொருள் தரும் பெயரை நம்ப வேண்டாம். பொருத்த எண் என்பது நிகழ்தகவு இல்லை. எதை வைத்தாலும் ஏதாவது ஒரு பெயரை அது தரும்.

ஐஸுக்கு இந்தக் கருவி மிகவும் கைகொடுக்கும். ஐஸ் என்று உலகச் சந்தையில் விற்பனையாகும் போலிகளில் ஒன்று என்-ஐசோபுரொப்பைல்பென்சைலமின். பார்க்க அதே பளிங்கு. மூலக்கூற்றுச் சூத்திரமும் அதே, நிறையும் அதே 149.23. அகச்சிவப்பில் இரண்டின் கோலமும் வேறு. டைமெதில் சல்போனும் இங்கே பளிச்சென்று தெரியும். பிரிகாபலின் கப்சியூலில் மருந்தின் பங்கு பெரிது என்பதால் அதுவும் தடையின்றித் தெரியும். ஹெரோயின் உப்பா காரமா என்றும் சொல்லிவிடும். எங்கள் ஊரின் மூன்று முக்கியப் பொருளையும் ஒரே மேசையில் காட்டும் கருவி இது என்பதே எங்கள் முதல் வாதம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஈரப்பதம். பல கருவிகளின் உட்பாகங்களில் பொற்றாசியம் புரோமைட்டு இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து மங்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில், கடற்காற்றுப் படும் ஊரில், குளிரூட்டியை இரவில் நிறுத்திவிடும் அலுவலகத்தில் அது விரைவாகவே நடக்கும். நாகச் செலினைட்டு ஒளியியலோடு வரும் கருவியைக் கேளுங்கள். கீழ் அலையெண்ணில் வீச்சுக் கொஞ்சம் குறையும், மருந்துகளை அடையாளம் காண அது இடைஞ்சலாகாது. உலர்த்திக் குழாய்களை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். கரண்ட் போனாலும் கருவி அணையாதபடி யு.பி.எஸ். தேவை. பட்டியலில் எழுதாத செலவு இது: கருவியின் விலை பல பத்தாயிரம் டொலர், அதை வாசிக்கத் தெரிந்த ஆளைப் பழக்குவது மாதக்கணக்கு வேலை. ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு கருவியை வாங்குங்கள்.

ராமன்

கையடக்கம், பொலித்தீன் பையைத் திறக்காமலே படிக்கும். அதனால் சுங்கத்துக்கும் கடற்படைக்கும் பொருந்தும். எங்கள் தேவைக்கு இல்லை. 785 நனோமீற்றர் லேசர் பட்டதும் பழுப்பு ஹெரோயினும் நிறம் பூசிய குளிசையும் ஒளிர்ந்து நிறமாலையை மூடிவிடும். 1064 நனோமீற்றர் கருவி அதைக் குறைக்கும், விலையைக் கூட்டும். கருந்தூளை லேசர் சுட்டுவிடவும் கூடும்.

ஜி.சி.எம்.எஸ்., எல்.சி.எம்.எஸ்.

இறுதி வார்த்தை இவற்றினுடையதுதான். கலவையைப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு உடையும் விதத்தைப் பார்ப்பதால், 5 சதவீத எல்லை இங்கே இல்லை. தெரிந்த நியமக் கரைசல் இருந்தால் எவ்வளவு என்றும் சொல்லும். அப்படியிருந்தும் இதை யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வாங்கச் சொல்ல மாட்டோம். வெற்றிடப் பம்பி நிற்காத மின்சாரத்தை எதிர்பார்க்கிறது. ஹீலியம் சிலிண்டர் தீர்ந்தால் வேலை நிற்கும். நியமக் கரைசல் வழக்கமாக மில்லிலீற்றருக்கு 1 மி.கி. கொண்ட சிறு குப்பிகளில் வரும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தென்பதால் ஒவ்வொரு இறக்குமதிக்கும் அனுமதி வேண்டும். பழுதுபார்க்கும் பொறியியலாளர் 400 கிலோமீற்றர் பயணம் செய்து வர வேண்டும்.

இவையும் தவறும். ஜி.சி.யின் உட்செலுத்தும் அறை 250 பாகை வரை சூடானது. பிரிகாபலின் அங்கே நீர் இழந்து வளையமாகி லக்ராம் என்ற வேறொரு சேர்வையாக மாறும். சூட்டைத் தாங்கும் வடிவத்துக்கு முன்கூட்டியே இரசாயன முறையில் மாற்றாமல் ஓட்டினால் மருந்தின் பெயரே விடையில் வராமல் போகலாம். எல்.சி.எம்.எஸ். அதற்குச் சரியான இடம். மெத்தம்பெற்றமினும் உடல் மெலியத் தரும் பென்ரேர்மினும் இரண்டுமே திணிவு 58 துண்டையே பிரதானமாகத் தரும். நிறமாலையை மட்டும் பார்த்தால் குழம்பும்; வெளிவரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்த அனுப்பும்போது "என்ன இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், "பிரிகாபலின் சந்தேகம்", "நைட்டசீன் பட்டி நேர்" என்று எழுதி அனுப்புங்கள். எந்தக் கருவியில் ஓட்டுவது என்று அங்கே இருப்பவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

மேசை எப்படி இருக்க வேண்டும்

அனுமதி பெற்ற ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரி வந்தால் வரிசை இதுதான். முதலில் படம், நிறை, முத்திரை. பிறகு அரைத்துப் பிரித்தல். அதன்பின் எப்.ரி.ஐ.ஆர்.; தூளென்றால் எப்போதும் பென்டனில், நைட்டசீன் பட்டிகள் இரண்டும். கருவியும் பட்டியும் முரண்பட்டால், அல்லது கழித்த பின் மிச்சத்தில் அடையாளம் தெரியாத மேடு நின்றால், உறுதிப்படுத்த அனுப்புவது. இவற்றோடு, ஐயமே இல்லாத மாதிரிகளிலும் பத்துக்கு ஒன்றை அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்கள் வாசிப்பு எங்கே பிழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே வராது. பணம் குறைவென்றால் எப்.ரி.ஐ.ஆர். இருந்த இடத்தில் இரண்டு மென்படைத் தகடுகள்: ஒன்று அயடோபிளற்றினேற்றுக்கு, ஒன்று நின்ஹைட்ரினுக்கு. நிறத் திரவம் இந்த மேசையில் மூன்றாம் துணையாக இருக்கலாம்.

விடைத்தாளில் மூன்று வரி இருக்கட்டும்: கண்டவை, தேடியும் காணாதவை, இந்த முறையால் காண முடியாதவை. மூன்றாவது வரியை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். "பாதுகாப்பானது", "சுத்தமானது" என்ற சொற்கள் அந்தத் தாளில் வரக் கூடாது. பட்டியில் இரண்டு கோடு வந்த தூளும் ஹெரோயின்தான். ஹெரோயினாலேயே மூச்சு நிற்கும். பிரிகாபலினோடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

வீட்டில் குளிசை கண்டெடுக்கும் அம்மா அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆய்வுகூடம் தேடிப் போகாதீர்கள். பிளிஸ்ரர் அட்டையின் இரு பக்கமும், குளிசையின் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். குடும்ப வைத்தியரிடமோ மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். பிள்ளை எழுப்ப எழும்பாமல், உதடு நீலித்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தால் அம்புலன்ஸ் இலக்கமான 1990 இற்கு அழைத்து, பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியசாலையில் சாதாரணமாகப் பாவிக்கும் ஓப்பியேற்றுச் சிறுநீர்ப் பட்டி மோர்பீனைத் தேடுவது. ட்ரமடோலையும் பிரிகாபலினையும் அது காட்டாது. நலொக்சோன் ஹெரோயினின் பிடியைத் தளர்த்தும், பிரிகாபலினில் வேலை செய்யாது. அந்த நேரத்தில் நீங்கள் காட்டும் படம் எந்தக் கருவியையும் விட வேகமானது.

ஆய்வுகூடத்தில் பென்டனில் அல்லது நைட்டசீன் பட்டி ஒரு கோடு காட்டி, இரட்டிப்பு நீரிலும் அதே விடை வந்தால், உறுதிப்படுத்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் ஆதார வைத்தியசாலைகளுக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள்: தூளின் நிறம், பொட்டலத்தின் தோற்றம், எந்தப் பகுதியிலிருந்து வந்தது, பட்டி விடை உறுதிப்படுத்தப்படவில்லை என்ற குறிப்பு. கொண்டுவந்தவரின் பெயர் அந்த அழைப்பில் தேவையில்லை. அதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கவும் கூடாது.